வருகிறவர்களுக்கான சுவர்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் முதலில் படுவது ஹாலின் மேற்குச் சுவர். அதை ஒட்டித்தான் சோபா போட்டிருக்கிறோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்திருக்கிறார்கள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் கிளம்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் நின்றவள் நான். அதனால் அங்கே எப்போது என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

வீடு கட்டிய புதிதில் அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லை என்று எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அப்பா மாதனூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் ஆளாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அம்மா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இளவயதில் அப்பாவின் விரல் மெஷினில் நசுங்கி, கட்டுப் பிரித்துக் கட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து போன காலத்தில் இருவருக்கும் பழக்கம். அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவள். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

மதம் மாறு என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். ஆடிக் கிருத்திகைக்கு அப்பா மலைக்குக் கிளம்பினால் அம்மா விடியலில் எழுந்து தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாள். சமையலறை அலமாரியில் அப்பாவின் சின்ன முருகன் படம் இருந்தது. படுக்கையறைக் கதவுக்கு மேல் அம்மாவின் பைபிள் வசனப் பலகை இருந்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, மொட்டையும் அடிக்கவில்லை. காது குத்தியதுகூட அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்திதான். மற்ற வீடுகள் வேறு மாதிரி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஏதோ குறைகிறது என்று நான் நினைத்ததில்லை.

நான் படிப்பை முடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் சேர்ந்தேன். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதும் வேலை. காலையில் சர்வீஸ் ரோட்டில் கம்பெனி வேன் வரும். வேலை நிலைத்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு தரகர் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு மதத்துக் குடும்பங்களிலும் பழக்கம் உள்ளவர். காபி குடித்தபடியே ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா சார், இவ்ளோ நல்லா ஊடு கட்டிட்டு சுவர மொட்டையா வுட்டிருக்கீங்க? வர்றவங்களுக்கு இது எந்த மாதிரி ஊடுன்னு பாத்ததும் தெரியணுமில்ல?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

முதலில் வந்தவர்கள் அப்பாவின் பக்கத்து ஆட்கள், இந்துக் குடும்பம். அவர்கள் வருவதற்கு முந்தைய வாரம் அப்பா பஜாருக்குப் போய், தங்க நிறச் சட்டம் போட்ட பெரிய முருகன் படம் ஒன்றை வாங்கிவந்து சோபாவுக்கு மேலே மாட்டினார். நேராக இருக்கிறதா என்று அம்மாதான் வாசலில் நின்று பார்த்துச் சொன்னாள். அவர் ஸ்டூலைவிட்டு இறங்கியதும் அதே ஸ்டூலைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போய், கதவுக்கு மேலிருந்த தன் பலகையைக் கழற்றிப் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அத்தை அம்மாவின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தபடி இருந்தார். பிறகு, “அம்மாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஊரைப் பற்றியது அல்ல. அம்மாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று அத்தை அடுத்துக் கேட்டார். அம்மா அதையும் மறைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அத்தை காபி டம்ளரைத் தொடவில்லை. நான் அவர்களுக்கு எதிரில் நின்று, காபியின் மேல் ஆடை படிவதையும் அதற்கு மேலே சிரித்துக்கொண்டிருந்த முருகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்தவர்கள் ராணிப்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பையனின் அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள், அவனுக்கு வங்கியில் வேலை. இந்தத் தடவை முருகன் படம் பரணுக்குப் போனது. ஆடுகளுக்கு நடுவே இயேசு நிற்கும் ஒரு படத்தை அப்பாவே தேடிப் பிடித்து வாங்கிவந்தார். அது அளவில் சிறியது. பழைய ஆணி ஒத்துவராததால் கொஞ்சம் கீழே புதிதாக ஒன்று அடித்தார். அம்மாவின் பலகையும் புடவைகளுக்கு அடியிலிருந்து ஹாலுக்கு வந்தது.

அன்று காலை அப்பா குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்றார். விபூதி எடுக்கக் கை போனது, பிறகு திரும்பிவிட்டது. வெறும் நெற்றியோடு அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்தவர் போல் இருந்தார். அம்மாவும் அதைப் பார்த்தாள். கேசரிக்கு முந்திரி வறுக்கப் போய்விட்டாள்.

அந்தக் குடும்பம் மென்மையான குடும்பம். கிளம்பும் முன் ஜெபம் செய்தார்கள். அப்பாவும் கண்ணை மூடி நின்றார். முடிந்ததும் பையனின் அப்பா, எனக்கு எந்தச் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தது என்று கேட்டார். கொடுக்கவில்லை என்றாள் அம்மா. இப்போதுகூட எடுக்கலாம், தடை ஒன்றும் இல்லை என்றார் அவர். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எப்ப ஆண்டவர ஏத்துக்கப் போறீங்க?” என்று கேட்டார். அப்பா கொஞ்சம் தடுமாறி, அவளுடையது அவளுக்கு, என்னுடையது எனக்கு என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டோம் என்றார். அந்த மனிதர் வருத்தமாகவே, “அப்படி இருக்க முடியாதுங்களே” என்றார். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். இருந்தவர்களைப் பார்த்தே இருக்க முடியாது என்கிறார் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இது பழக்கமாகிவிட்டது. யார் வருகிறார்கள் என்று தரகர் போனில் சொன்னதும் அப்பா ஸ்டூலை எடுப்பார். ஒரு படம் இறங்கும், இன்னொன்று ஏறும். சில சமயம் சனிக்கிழமை ஒரு பக்கத்துக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபக்கத்துக்காரர்கள். சுவரில் ஆணி ஓட்டைகள் கூடின. படம் இருந்த இடத்தில் பெயின்ட் ஒரு நிறமாகவும் சுற்றி வேறு நிறமாகவும் தெரிய ஆரம்பித்தது. அப்பா ஓட்டைகளில் வெள்ளை சிமெண்ட் வைத்து, தோலில் சுருக்கம் நீக்குகிறவர் மாதிரி கட்டைவிரலால் இழைத்துவிடுவார். வந்தவர்களில் ஒருவரும் ஏமாறவில்லை. ஏமாற்றுகிற எண்ணம் எங்களுக்கும் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவோம். கேட்கும்வரை ஒரு சாதாரணக் குடும்பமாக இருந்து பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

இப்படியே சில வருஷங்கள் போனபின் சுவரை நான் கையில் எடுத்துக்கொண்டேன். எந்தச் சாமியும் வேண்டாம், வெறும் அழகுக்காக ஏதாவது செய்வோம் என்றேன். வேனில் போகும்போதும் வரும்போதும் போனில் சோபாவுக்குப் பின்னால் என்ன வைக்கலாம் என்று தேடினேன். அதில் எத்தனையோ வீடுகள் வந்தன. எல்லா வீட்டிலும் சாம்பல் நிறச் சோபா, பின்னால் இலை, மலை, வட்ட வட்டமான கண்ணாடிகள். ஒரு படத்திலும் ஆள் இல்லை. மாதனூரில் ஏறும் தையல் செக்‌ஷன் பெண்கள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்கள். வீடு புதுப்பிக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் கிளையும் குருவிகளுமாக ஒரு பெரிய ஸ்டிக்கர் வரவழைத்தேன். நானும் அம்மாவும் அரை நாள் சிரமப்பட்டுக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டினோம். அது மேற்குச் சுவர். வேலூர் வெயில் மதியத்துக்குமேல் அதன் மேல் நேராக இறங்கும், உட்பக்கத்தில் கை வைத்தால் சுடும். சித்திரை பிறப்பதற்குள் குருவிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு சோபாவில் விழுந்துகிடந்தன. அம்மா அவற்றைப் பொறுக்கி எடுத்து, மறுபடி ஒட்டலாம் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள்.

பிறகு பெயின்டர் ஒருவரை வரவழைத்து அந்தச் சுவருக்கு மட்டும் கரும்பச்சை அடித்தோம். ஓட்டை, கறை, அச்சு எல்லாம் அதில் மறைந்தன. அதன்மேல் மூன்று படங்கள் மாட்டினேன். ஒரு வாழை இலை, ஒரு படகு, ஒரு பனிமலை. நாங்கள் மூவரும் பனியைப் பார்த்ததில்லை. படகு விடும் அளவுக்குப் பாலாற்றில் தண்ணீர் ஓடியும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் படங்கள் யாருக்கும் எதையும் சொல்லாது. அதற்காகத்தான் வாங்கினேன். பெண் பார்க்க வந்த ஒரு பையனின் மாமா அதைப் பார்த்துவிட்டு, “லாட்ஜு மாதிரி நல்லா கீது” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

அதற்குள் தரகரின் குரல் மாறியிருந்தது. வயசு ஜாஸ்தி ஆகிவிட்டது, இனி முதல்தாரமாகவே வேண்டும் என்று பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஆம்பூரிலிருந்து ஒருவரைப் பற்றிச் சொன்னார். தோல் பதனிடும் கம்பெனியில் லேப் வேலை. கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளிலேயே முறிந்து, விவாகரத்தாகி அம்மாவோடு இருக்கிறார். இந்துதான், ஆனால் அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை என்றார் தரகர். அப்பாவுக்கு முதலில் மனமில்லை. நான் வரச்சொல்லுங்கள் என்றேன்.

ஆம்பூர்க்காரர் தனியாக வந்தார். சோபாவில் உட்காராமல், டிவி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதனால் சுவரை எதிரில் வைத்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். என்னைச் சோபாவில் உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் பெண் பார்க்கும் நேரத்தில் நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர், “இந்தப் படம்லாம் யாரு வாங்கினது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“உங்களுக்குப் புடிச்சிதா?”

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துவிட்டு, “இல்ல” என்றேன். அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். அன்று அவரைச் சாப்பிடாமல் போகவிடவில்லை அம்மா.

அதன்பின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசிக்கொள்வோம். சில நாள் வேலை முடிந்து, வேன் கிளம்பும் முன் ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டீ குடிப்போம். அவர் கையில் கெமிக்கல் வாடை இருக்கும். அதற்காகக் கையைப் பின்னால் வைத்துக்கொள்வார். நானும் அந்த ஊர்க் காற்றிலேயே வேலை பார்க்கிறவள், எனக்கு அது தெரியவே தெரியாது என்று சொன்னேன். படங்கள் ஏறி இறங்கிய கதை முழுவதையும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அப்பா அம்மா கல்யாண போட்டோ இல்லையா, அதை மாட்டுங்கள், அதுதானே உங்கள் வீடு என்றார்.

அம்மா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். ரெஜிஸ்டர் ஆபீஸ் படிக்கட்டில் இரண்டு பேரும் மாலையோடு நிற்கிறார்கள். சாட்சி போட்ட நர்ஸ் ஒருத்தி, கம்பெனி ஆள் ஒருவர். அப்பாவின் விரலில் அப்போதும் வெள்ளைக்கட்டு இருக்கிறது. அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கிவந்தோம். இலையும் படகும் பனிமலையும் இறங்கின. அந்தக் கரும்பச்சைச் சுவரில் அந்தப் படம் எடுப்பாகத்தான் இருந்தது. அன்று அம்மா பாயசம் வைத்தாள். அப்பா சோபாவில் உட்காராமல் எதிரில் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, நர்ஸ் யார், அந்த ஆள் யார், அன்று எந்த ஓட்டலில் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னார். அம்மாவின் பலகையும் படுக்கையறைக் கதவுக்கு மேலே தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்த மாதங்கள் போல் எங்கள் வீடு அதற்குமுன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்க்காரரின் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். உள்ளே வந்ததும் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். அக்கா என் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வேறு வீட்டார் கேட்டபோதெல்லாம் குனிந்து பதில் சொன்ன என் அம்மா, அன்று சந்தோஷமாகச் சொன்னாள். இரண்டு வீட்டிலும் யாரும் வராததையும், பிரசவத்துக்குக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்காததையும் சொன்னாள். எல்லாம் கடந்துவிட்ட ஒருத்தி சொல்வது போலச் சொன்னாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். போகும்போது அவர் அம்மா என் கன்னத்தைத் தொட்டார். இது முடிந்துவிட்டது, இனி தேதி பார்க்க வேண்டியதுதான் என்று அப்பா சொன்னார்.

அடுத்த சில நாள் அவர் என் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு மாலை, வேன் ஏற நின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டார். ரோட்டுச் சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. கம்பெனிச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

“எங்கம்மா ஒத்துக்கல. மொத தடவையே சரியா அமையல, ரெண்டாவது தடவையும் ஊரு வாயில வுழுந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்றாங்க. நேத்துலேர்ந்து சாப்டல.”

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“கூட இருக்க அவங்களுக்கு என்ன வுட்டா யாரும் இல்ல” என்றார்.

சரிங்க என்று சொன்னேன். அவர் நல்லவர்தான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இன்னொருவர் நல்லவராக இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்ளலாம். நல்லவரே இவ்வளவுதான் என்று தெரிந்தபிறகு யாருக்காகக் காத்திருப்பது?

வேனில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். தலைவலி என்றேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை அவள் என் நெற்றியைப் பிடித்துவிட்டாள்.

வீட்டில் சொன்னேன். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினார். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஸ்டூல் சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றாள்.

“இதப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பின்வாங்கிப் போறாங்க” என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி. “இது இருக்கறவரைக்கும் பாப்பாவுக்கு நடக்காது.”

போட்டோவைத்தான் சொன்னாரா என்று நான் பிறகு பல தடவை யோசித்தேன். அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “கழட்டிடுங்க” என்றாள். அவர் கழற்றிக் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் படத்தை இருவருமாகப் பிடித்திருந்த அந்த நொடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றுவரை அவர்கள் கல்யாணத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் குறை சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொன்னதில்லை. அதன்பின் சண்டை என்று ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நடக்க ஆரம்பித்தார்கள். அம்மா சர்ச்சுக்கு ஆட்டோவில் தனியாகப் போய்வந்தாள். அப்பாவைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றாள். அப்பா மலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். என்னிடம் இருவரும் தனித்தனியாக ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், எங்களால்தானே உனக்கு இப்படி என்று. நான் இல்லை என்றேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம், இப்படியே நிம்மதியாக இருப்போம் என்றும் சொன்னேன். அதை அவர்கள் நம்பவில்லை. மனம் வெறுத்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒடுங்கிப்போனார்கள். நான் வேண்டாம் என்றால் அவர்கள் குற்றவாளிகளாகிறார்கள். சரி என்றால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குறைந்துபோகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி எதுவும் அகப்படவில்லை.

தரகர் பின்னும் ஒரு வரனைக் கொண்டுவந்தார். குடியாத்தத்துக்காரர்கள், அப்பாவின் பக்கம். சுவரில் தங்கச் சட்டத்து முருகன் மறுபடி ஏறினார். அவர்கள் வருகிற நேரத்துக்கு அம்மா அறையிலிருந்து வெளியே வந்தாள். நெற்றியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு.

என் பொட்டு அட்டையிலிருந்து எடுத்திருக்கிறாள். அறுபது வயதுவரை வெறும் நெற்றியோடு இருந்தவளுக்கு எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக இருந்தது. அப்பா அவளைப் பார்த்தார். எதையோ எடுக்கப் போகிறவர் போலக் கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வந்தவர்கள் ஹாரன் அடித்தபிறகுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தக் குடும்பம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என் வயதைக் கேட்டார்கள், சம்பளத்தைக் கேட்டார்கள். அம்மாவை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள்.

கார் தெரு திரும்பியதும் அப்பா மெதுவாக, “எடுத்துடு. உனக்கு நல்லா இல்ல” என்றார்.

அம்மா டம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி, “இருக்கட்டும். அடுத்த தடவ யாராவது வந்தா பழகியிருக்கும்ல” என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய்ப் பொட்டை எடுத்துவிட்டேன். ஒரு குழந்தை போல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதன்பின் யாரும் வரவில்லை. தரகருக்குப் போன் செய்தால் பார்க்கிறேன் என்பார். இப்போது எடுப்பதே இல்லை. முருகன் படத்தை ஒருநாள் அப்பா இறக்கினார், வேறு எதையும் ஏற்றவில்லை. மழையில் மேற்குச் சுவரில் ஓதம் ஏறிக் கரும்பச்சை அங்கங்கே உப்பியது. நான் ஒரு விடுமுறை நாளில் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை அடித்தேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கை அடித்தும் பச்சை மங்கலாக உள்ளிருந்து தெரிகிறது. போதும் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் ஆபீசில் எல்லோருக்கும் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பழுப்புத் தோல் வைத்துத் தைத்த வட்டச் சட்டம், எங்கள் கம்பெனியிலேயே செய்தது, பார்க்க நன்றாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். அப்பா வாங்கித் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல தோல் என்றார். சோபாவுக்கு மேலே மாட்டலாம் என்றேன். அவர் சுத்தியும் ஆணியும் எடுத்துவந்தார்.

அம்மா அறை வாசலில் நின்று, “அங்க ஆணி அடிக்காதீங்க” என்றாள்.

“ஏம்மா?” என்றேன்.

“யாராவது வந்தா சுவரு நல்லா இருக்கணும்.”

“யாரும்மா வரப்போறாங்க?”

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சுத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கடிகாரத்தை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அம்மா சோபாவின் உறையை நீவிச் சரிசெய்துவிட்டு விளக்குப் போடப் போனாள்.